ஏழு மணி மாத்திரையும் ஒன்பதரை மணி ரொட்டியும்

எங்கள் ஊர் மருத்துவமனையை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது, கண்ணுகளா. அங்கே மாத்திரை ஒரு நாளும் பிந்தியதில்லை. அலெக்சாண்டிரியா ரயில் பிந்தும், மழை பிந்தும், மாப்பிள்ளை வீட்டார் கட்டாயம் பிந்துவார்கள். சர்க்கரை மாத்திரை மட்டும் காலை ஏழு மணிக்கு வாயில் விழுந்துவிடும். காலை உணவும் அதே ஒழுங்குதான். ஒன்பதரை என்றால் ஒன்பதரை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பொழுதுதான் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அதற்குள் தவறி விழுந்தவர் அம் ஷஹாத்தா.

சித்தப்பா முறை வைத்து 'அம்' என்று தெருவே அழைக்கும் அந்த மனிதருக்குச் சமையல் வாயு சிலிண்டர் விற்பது தொழில். கழுதை வண்டியில் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு, கையிலுள்ள முறுக்குச் சாவியால் ஒன்றை 'டண் டண்' என்று தட்டிக்கொண்டே வருவார். நான்கு மாடிக்கு மேலே வெங்காயம் வதக்குகிறவளுக்கும் அது கேட்கும். ஒரு நாள் சிலிண்டர் காலில் விழுந்தது. புண் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்று பார்த்தபோது இரத்தத்தில் சர்க்கரை இருந்தது. உள்ளே சேர்த்தார்கள். புண் அழகாக ஆறிவிட்டது. அந்தக் கால் டாக்டரின் கை வாழ்க. இனி சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு விடுப்புச் சீட்டு கிடைத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சீட்டு இல்லாமல் எழுந்து போனால் மாதாமாதம் கிடைக்கும் இலவச மாத்திரை நின்றுபோகும்.

அவருக்கு அவசரம் இருந்தது. வரும் வியாழக்கிழமை மகள் ரஷாவின் நிக்காஹ். மாப்பிள்ளையின் பெயர் கரம். குவைத்தில் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன், வெள்ளிக்கிழமை விமானம். எங்கள் பக்கத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க, மேலே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தி ஷேக் ஓதுவார். தகப்பன் இல்லையென்றால் தகப்பனின் தம்பி பிடிக்கலாம். அந்தத் தம்பியோடு ஷஹாத்தா பேசி வருடக்கணக்காகிறது. ரஷா வேறு, "அப்பா கையில்லாம எனக்குக் கல்யாணமே வேணாம். கரம் குவைத்துக்குப் போயி மின்தூக்கியைக் கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது ஏழு மணிக்கு வருவோம்.

ஆண்கள் கூடத்துக்குச் செவிலியர் வஃபா. எல்லோருக்கும் 'மிஸ் வஃபா'. பருத்த கை, இளகிய மனது. மாத்திரைக் கிண்ணத்தோடு கட்டிலருகே வந்து நின்று ஆரம்பிப்பாள்.

"உங்க பேரு?"

"ஷஹாத்தா."

"அப்பா பேரு? தாத்தா பேரு?"

"நேத்து சொன்ன அதே ஆளுங்கதான், மிஸ். ராத்திரியில யாரும் மாறல."

"நேத்து நேத்தோட போச்சு அம் ஷஹாத்தா. இன்னிக்கும் நீங்கதானான்னு நான் பாக்கணும்ல? வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க. கன்னத்தக் காட்டுங்க. முழுங்கிட்டீங்களா?"

"முழுங்கிட்டேன். ரொட்டி எங்க?"

"அது எங்க துறை இல்ல."

உலகம் முழுக்கச் செவிலியர்கள் ஐந்து சரிகளைப் பார்க்கிறார்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நல்ல ஏற்பாடு. எங்கள் மருத்துவமனையின் தரக்குழுத் தலைவர் டாக்டர் ஷாகிருக்கு ஐந்து போதவில்லை. கெய்ரோவிலிருந்து அங்கீகாரக் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் சரியான கிண்ணத்தைச் சேர்த்தார். பிறகு சரியான புன்னகை. பிறகு செவிலியர் நிற்க வேண்டிய சரியான தரைக்கல். அதில் பச்சை வண்ணம் அடித்தார்கள். ஒரு கூட்டத்தில் மிஸ் வஃபா கையைத் தூக்கி, "சரியான சாப்பாடுன்னு ஒண்ணு சேத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் ஷாகிர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"மிஸ் வஃபா, நோயாளி முழுங்கினாரான்னு பாக்கிறது நம்ம பொறுப்பு. சாப்பிட்டாரான்னு பாக்கிறது உணவுத்துறை பொறுப்பு. ரெண்டையும் ஒருத்தரே பாத்தா நோயாளி குணமாயிடுவார். அப்புறம் அது யாரோட சாதனைன்னு எப்படிப் பிரிக்கிறது?"

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தலைக்கு மேலே, கண்ணாடி போட்ட நல்ல மரச்சட்டத்துக்குள், அவரே மாட்டிய அறிவிப்பு தொங்கியது: 'சர்க்கரை மாத்திரையைக் காலை உணவோடு உட்கொள்ளவும். சாப்பிடாதவருக்குக் கொடுக்க வேண்டாம்.' வாரம் இரண்டு முறை அதன் தூசியைத் துடைப்பார்கள்.

அந்த மாத்திரை என்ன செய்யும் தெரியுமா? ஷஹாத்தாவே பக்கத்துக் கட்டில்காரரிடம் அதைத் தன் தொழிலில் வைத்து விளக்கியிருக்கிறார். "நான் சிலிண்டரத் தட்டினா பொம்பளைங்க வீட்ட விட்டு வெளிய வர்றாங்கல்ல? அது மாதிரி இந்த மாத்திரை உள்ள போயி கணையத்தத் தட்டுது. கணையம் அதோட சரக்கத் தூக்கிட்டு வெளிய வருது. வந்து பாத்தா தெருவுல சோறும் இல்ல, ரொட்டியும் இல்ல. சும்மா திரும்பிப் போகுமா? வீட்டுக்குள்ள இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் வாரிக்கிட்டுப் போயிடுது."

அதனால் எட்டு மணியாகும்போது அவருக்கு வேர்க்கும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். பிறகு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும். அடிக்க ஆள் இல்லாததால் கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் 'டண் டண்' என்று தட்டுவார். மிஸ் வஃபா பழச்சாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். அதற்குள் எட்டரை ஆகிவிடும். டாக்டர் ஷாகிர் தன் பரிவாரத்தோடு வந்து விரலில் குத்தி அளவெடுப்பார்.

"ரொம்பக் குறைவு. விடுப்பு இல்ல."

"டாக்டர் ஐயா, இப்பத்தான் சாறு குடிச்சேன். கொஞ்சம் பொறுத்து எடுங்க."

கொஞ்சம் பொறுத்தும் எடுத்தார்கள். அதற்குள் பயந்துபோன ஷஹாத்தா சாறு, சர்க்கரை, ஒன்பதரை மணி ரொட்டி, ஐந்து கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளியிருந்தார்.

"ரொம்ப அதிகம். விடுப்பு இல்ல." டாக்டர் ஷாகிர் பரிவாரத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இவரோட சர்க்கரைக்குக் கீழ்ப்படிதல் கிடையாது. மாத்திரைய மாத்த முடியாது. மாத்திரை நம்ம நேரத்துக்கு வருது. நோயாளிதான் ஒத்துழைக்கல."

ஷஹாத்தாவின் மனைவி தஹியா நேராக உணவுத்துறைக்குப் போனாள். அங்கே மதாம் தவ்லத் ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக் கீரைதான், அலுவலகத்தில் வேறென்ன செய்வது?

"அம்மா, உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும், ரொட்டிய ஏழு மணிக்கு அனுப்பக்கூடாதா?"

"அனுப்பலாமே கண்ணு. ஆனா ருசி பாக்காம வண்டி நகரக்கூடாது. ருசி பாக்கிற உறுப்பினர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்."

"என்ன அனுப்புறீங்க?"

"ரொட்டி. அவிச்ச முட்டை."

"ஓட்டோட இருக்கிற முட்டைய எப்படிம்மா ருசி பாப்பார்?"

மதாம் தவ்லத் கீரையைக் கீழே வைத்தார். "அனுபவம்" என்றார்.

தஹியாவின் பிடிவாதத்தால் இரண்டு துறைகளும் கூடிப் பேச ஒப்புக்கொண்டன. கூட்டம் நடக்கவில்லை. மாத்திரைக் குழு ஏழு மணிக்கு வரச்சொன்னது. உணவுக் குழு ஒன்பதரைக்கு வரச்சொன்னது. இரண்டு குழுவும் தத்தம் நேரத்துக்கு வந்து, மற்றவர் வரவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போயின.

சரி, நாமே கொண்டுபோவோம் என்று அரிசி அடைத்த முட்டைக்கோஸ் சுருளைப் பாத்திரம் நிறையச் செய்து விடியற்காலையில் எடுத்துப் போனாள். வெளிச்சாப்பாட்டுக்கு உள்ளே தடை. வாயிற்காவலர் பயூமி பாத்திரத்தை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"பறிமுதல்" என்றார் சோகமாக. உடனே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அது என் புருஷனுக்குச் செஞ்சதுய்யா!"

"என்னம்மா செய்ய? பறிமுதல் பண்ணத வீணாக்கக்கூடாதுன்னு விதி. எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு. நாளைக்குக் குறைச்சுக்க."

தஹியாவுடையது மட்டுமா? பயூமி ஊரிலுள்ள எல்லா மனைவிமாரின் கைப்பக்குவத்தையும் பறிமுதல் செய்துவந்தார். வாத்து, வெண்ணெய் ரொட்டி, பாகில் ஊறிய இனிப்பு. கடமை தவறாத மனிதர். திங்கட்கிழமை காலையில் வாயிலிலேயே தலை சுற்றி உட்கார்ந்தார். பல நாளாகத் தாகம், பல நாளாகக் கழிப்பறைக்கு ஓட்டம். இப்போதுதான் அளந்து பார்த்தார்கள். மதியத்துக்குள் அவர் ஷஹாத்தாவின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்.

ஷஹாத்தா அவரை நெடுநேரம் பார்த்தார். "என் முட்டைக்கோஸ் நல்லா இருந்துச்சா?"

"அல்லாஹ் உன் சம்சாரத்தோட கையக் காப்பாத்தட்டும்" என்றார் பயூமி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பயூமியும் நாக்கைத் தூக்கிக் காட்டினார். எட்டு மணிக்கு அவருக்கும் வேர்த்தது. "டேய், இது என்னடா அநியாயம்! ரொட்டி எங்கடா?" என்று கத்தினார். ஷஹாத்தா இன்னொரு கரண்டியை எடுத்து நீட்டினார். இரண்டு கட்டில் கம்பிகளும் சேர்ந்து ஒலித்ததில் எதிர்ச் சந்திலிருந்த பெண்கள் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள்.

புதன்கிழமையும் எட்டரை மணி அளவு குறைவு. விடுப்பு இல்லை. அன்று மாலை பார்க்க வந்த ரஷா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டாள். "கரம் டிக்கெட்ட மாத்த முடியாதாம். சித்தப்பா புது அங்கி தைக்கக் குடுத்துட்டாராம்ப்பா."

ஷஹாத்தா தன் கையைப் பார்த்தார். சிலிண்டர் தூக்கித் தூக்கிக் காய்த்த கை. எந்தக் கையைத் தன் மகளுக்காகக் கொடுக்க வேண்டுமோ அது காலையிலிருந்து நடுங்கிக் களைத்துப்போய் மடியில் கிடந்தது. "சீட்டு போனாப் போகுது. நான் இப்பவே எழுந்து வர்றேன்" என்று காலைக் கீழே வைத்தார்.

"மாத்திரை இல்லாம மறுபடி புண்ணு வந்தா? கால் போயிடும்ப்பா, உக்காருங்க."

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து பயூமியின் குரல் வந்தது. "இவரு வெளிய போக முடியலன்னா கல்யாணம் உள்ள வரட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வாசல்ல இப்ப யாரு இருக்கா? யாருமில்ல. காவலாளி இங்க படுத்துக் கிடக்கேன். மாத்து ஆளு எட்டு மணிக்குத்தான் வருவான். ஏழுக்கு வந்துடுங்க. ஷேக், மாப்பிள்ள, தாம்பாளம், எல்லாம். பறிமுதல் பண்ண ஆள் கிடையாது."

"நாளைக்குக் காலையில கெய்ரோ குழு வருது" என்றாள் மிஸ் வஃபா, போர்வை மடித்துக்கொண்டே.

"எத்தன மணிக்கு?"

"ஏழு மணி மாத்திரையப் பாக்கத்தான் வர்றாங்க. நேரம் தவறாத மருத்துவமனைன்னு பேரு." பிறகு தஹியாவின் பக்கம் திரும்பி, தான் எதையும் கேட்காதவள் போன்ற குரலில், "பாகு ஊத்தின இனிப்பு வேணாம். ஃபூல் அவரை, முட்டை, வெள்ளரிக்காய், ரொட்டி. கூடத்துல இருக்கிற எல்லாருக்கும்" என்றாள்.

வியாழன் விடிந்தது. கூடம் பளபளத்தது. ஜன்னலில் பிளாஸ்டிக் செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருந்தார்கள். டாக்டர் ஷாகிர் புதுக் கழுத்துப்பட்டையோடு நின்றார். கெய்ரோ குழுத் தலைவி டாக்டர் ஷாஹிநாஸ் குள்ளமான, கண்டிப்பான அம்மாள். விடியுமுன் காரில் ஏறி, வெறும் வயிற்றோடு வந்தவர். டாக்டர் ஷாகிர் அவரை முதலில் தன் அறைக்கு அழைத்துப்போய்த் தன் சான்றிதழ்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் மிஸ் வஃபா மாத்திரைக் கிண்ணத்தோடு பச்சைக் கல்லின்மேல் நின்றாள். ஏழாகச் சில நிமிடங்கள்தான் இருந்தன. கல்யாணக் கூட்டத்தைக் காணோம். சொன்னேனே, மாப்பிள்ளை வீட்டார் கட்டாயம் பிந்துவார்கள் என்று.

"கொடுத்துட்டா இவரு கை நடுங்கும்" என்றார் பயூமி.

"கொடுக்கலன்னா நேரம் தவறும்" என்றாள் மிஸ் வஃபா.

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தை இறக்கி, அதன் பின்னாலிருந்த மின்கலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைத் திரும்ப மாட்டினாள். இறங்கி மறுபடி பச்சைக் கல்லில் வந்து நின்றாள். முகத்தில் சரியான புன்னகை.

கூடத்தில் இன்னும் ஏழு ஆகவில்லை. எவ்வளவு நேரம் ஆகவில்லை என்பதை நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

முதலில் குலவைச் சத்தம் வந்தது. படிக்கட்டே அதிர்ந்தது. அப்புறம் தாம்பாளங்கள்; கொதிக்கக் கொதிக்க ஃபூல், மலைபோல் ரொட்டி, தாமியா வடை. அப்புறம் வெள்ளை உடையில் ரஷா, மூச்சிரைக்கும் கரம், அவன் வீட்டார், பதிவுப் பெட்டியோடு ஷேக். தஹியா ஆளுக்கொரு தட்டாக வைத்துக்கொண்டே போனாள். மிஸ் வஃபா அவளுக்குப் பின்னாலேயே போய், முதல் கவளத்தோடு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒருவர் சாப்பிட மாட்டேன், வயிறு சரியில்லை என்றார். அவருடைய மாத்திரையை மட்டும் திருப்பி எடுத்துவைத்து டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஷஹாத்தா வயிறாரச் சாப்பிட்டார். ஷேக் கைக்குட்டை கேட்டார். கரம் தன் சட்டைப்பையைத் தடவினான், அவசரத்தில் மறந்திருந்தான். மிஸ் வஃபா கிருமி நீக்கிய கட்டுத்துணி ஒன்றைப் பிரித்து நீட்டினாள். ஷஹாத்தாவின் கையும் மாப்பிள்ளையின் கையும் சேர்ந்ததும் பழக்கதோஷத்தில் அவள் வாய் திறந்துவிட்டது.

"உங்க பேரு? அப்பா பேரு? தாத்தா பேரு?"

"பரவால்லம்மா" என்றார் ஷேக், "அதையேதான் நானும் கேக்கப் போறேன்."

கட்டுத்துணிக்கு அடியில் அந்தக் காய்த்த கை கல்லாட்டம் அசையாமல் இருந்தது. ஷஹாத்தாவுக்கே நம்பிக்கை வரவில்லை. துணியின் ஓரத்தைத் தூக்கி ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார், கரம் ஏற்றுக்கொண்டான், தஹியா குலவையிட்டாள், பயூமி இரண்டு கரண்டியாலும் கட்டிலைத் தட்டினார். சரியாக அந்த நேரத்தில் கதவு திறந்தது.

டாக்டர் ஷாகிரின் முகம் சுவர்ச் சுண்ணாம்பு நிறத்துக்குப் போயிற்று. கெய்ரோ அம்மாள் கூடத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். அவற்றை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன, டாக்டர் ஷாகிர்?"

இருபது வருடப் பதவியனுபவம் சும்மா போகுமா? நிறம் திரும்பியதும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இது எங்களோட முன்னோடித் திட்டம், அம்மா. மங்கல நிகழ்வு சார்ந்த மாத்திரை உட்கொள்ளல். பல மாசமா நானே தனிப்பட்ட முறையில திட்டமிட்டது. மற்ற மருத்துவமனைகள்ல நோயாளிக்கு மாத்திரை மட்டும்தான் குடுக்கிறாங்க. நாங்க ஒரு காரணமும் குடுக்கிறோம்."

"சாப்பாட்டோட குடுக்கிறீங்களே, அது நல்ல விஷயம்."

"சாப்பாடா?" டாக்டர் ஷாகிர் தாம்பாளங்களை அப்போதுதான் கவனித்தார். "அது தற்செயல், அம்மா. கல்யாணம்தான் முக்கியம்."

தஹியா ஒரு தட்டைக் கெய்ரோ அம்மாளின் கையில் கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை. எட்டரைக்கு எல்லோருடைய விரலிலும் குத்தினார்கள். ஒருவருக்கும் வேர்க்கவில்லை, ஒருவரும் நடுங்கவில்லை, அளவெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஷஹாத்தாவின் சர்க்கரை முதல் தடவையாகக் கீழ்ப்படிந்தது. டாக்டர் ஷாகிர் விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, "கடைசியில ஒத்துழைச்சீங்களே" என்று அவர் தோளைத் தட்டினார்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. மறுவாரமே உத்தரவு வந்து, சாப்பாட்டு அறிவிப்புக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய சட்டத்தில் தொங்கியது: காலை மாத்திரை இனிமேல் நிக்காஹ் இல்லாமல் வழங்கப்படக் கூடாது.

தினமும் மாப்பிள்ளைக்கு எங்கே போவது? பயூமி தேறி வாயிலுக்குத் திரும்பியதும் அவரைப் பிடித்துவந்தார்கள். இப்போது காலைதோறும் பயூமி மாப்பிள்ளை, துப்புரவுப் பணியாளர் இருவர் முறைவைத்துப் பெண்வீட்டார், கட்டுத்துணி ஒன்று. ஒத்திகைதான், ஷேக் கிடையாது. ஆனால் கல்யாணச் சாப்பாடு இல்லாமல் கல்யாணம் ஏது? மதாம் தவ்லத்திடமே கேட்டார்கள். "விருந்துக்கு ருசி பாக்கணும்னு விதி இல்லையே" என்று சொல்லி, ஏழு மணிக்குச் சுடச்சுட அனுப்பிவிடுகிறார். ஒன்பதரை மணி ரொட்டியும் பழையபடி வருகிறது. அதைப் பயூமி பறிமுதல் செய்கிறார், ஆனால் இப்போதெல்லாம் சாப்பிடுவதில்லை, தன் வீட்டு வாத்துகளுக்குப் போடுகிறார். மிஸ் வஃபா குலவையிடக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதையும் சரிகளில் சேர்த்திருக்கிறார்கள்.

கடிகாரத்துக்கு மட்டும் யாரும் மின்கலம் போடவில்லை. அந்த நிலையில்தான் அங்கீகாரம் கிடைத்தது என்பதால் அதை மாற்ற அதிகாரம் யாருக்கும் இல்லையாம்.

ஆகவே கண்ணுகளா, அந்தத் தெருவில் காலையில் போகும்போது மாடியிலிருந்து குலவை கேட்டால் திகைக்காதீர்கள். யாருக்கும் கல்யாணம் இல்லை; யாரோ ரொட்டி சாப்பிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஷஹாத்தாவின் கழுதை வண்டியும் அங்கே வந்து நிற்கும். அவர் தன் மாத்திரையை வீட்டிலேயே முட்டையோடு முடித்துவிட்டு வருகிறவர். மேலே நிமிர்ந்து பார்ப்பார், முறுக்குச் சாவியை எடுப்பார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த அந்தக் கையால் சிலிண்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி மணமக்களை வாழ்த்திவிட்டு, "சிலிண்டர்!" என்று கூவிக்கொண்டே போவார்.